தோட்டக் கதை எழுதிய கை துப்பறியும் கதைக்குப் போனால்

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கடந்த மூன்று வருஷத்தில் என் பெயரில் வெளிவந்தவை: ஒரு துப்பறியும் குறுநாவல், பெரியாறு அணை கட்டிய காலத்தை வைத்து ஒரு சரித்திரக் கதை (அட்டையில் நாவல் என்று போட்டிருக்கிறார்கள், 140 பக்கம்தான்), இரண்டு அறிவியல் புனைகதைகள், சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மெல்லிய புத்தகம். அதற்கு முன்னால் பத்து வருஷமாக எழுதியதெல்லாம் தேயிலைத் தோட்டத்துக் கதைகள். வண்டிப்பெரியாறு பக்கம் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) பிறந்தவள், கட்டிக்கொடுத்தது கம்பம், வேலை குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுவது. காலையில் லோயர் கேம்ப் தாண்டி ஜீப்பில் மலை ஏறுகிறேன், சாயங்காலம் இறங்குகிறேன். கொழுந்துக் கூடை, அட்டைக்கடி, கங்காணி, லயம், மழை இவ்வளவுதான் என் கதைகளில் இருந்தது. இரண்டாவது தொகுப்பைப் படித்துவிட்டு என் நாத்தனார் சொன்னாள், "மதினி, எல்லாக் கதையிலயும் மழை பெய்யுதே, ஒரு கதையிலயாவது துணி காயட்டுமே" என்று. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், வேறு ஏதாவது எழுதிப் பார்ப்போம் என்று.

ஏற்கெனவே ஏழெட்டுக் கதை எழுதி, ஒன்றிரண்டு அச்சிலும் வந்து, இப்போது பழக்கமில்லாத ஒரு கதை வகைக்குள் கால் வைக்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வேலை செய்த வரிசையில் சொல்கிறேன். எனக்கு வேலை செய்யாததையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் நிறைய இருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

என் முதல் துப்பறியும் கதை மும்பையில் நடந்தது. நான் மும்பைக்குப் போனதே இல்லை. துப்பறிகிறவன் பெயர் விக்ரம், அவனுக்கு ஒரு உதவியாளர், கார், சிகரெட் லைட்டர் எல்லாம் உண்டு. நாற்பது பக்கம் போன பிறகு எடுத்துப் படித்தால் எல்லாமே அட்டையில் வெட்டி நிறுத்தினது மாதிரி இருந்தது, ஒரே ஒரு இடம் தவிர. விக்ரம் ஒரு டீக்கடையில் நிற்கிறான், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பலகாரத்தைப் பார்க்கிறான், அந்தப் பத்தியில் மட்டும் உயிர் இருந்தது. ஏன் என்று பார்த்தால் பெட்டிக்குள் இருந்தது பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி. மும்பை தாராவியில் குமுளிப் பேருந்து நிலையத்துப் பழம்பொரி!

அதனால் முதல் படி இது: வகையை மாற்றினால் ஊரை மாற்றாதீர்கள். ஊர், தொழில், பேச்சு, சாப்பாடு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கட்டும், கதையின் வகை மட்டும் புதிதாக இருக்கட்டும். துப்பறியும் கதைக்கு வேண்டிய பூட்டு, சாவி, சந்தேகம், பொய் எல்லாம் உங்கள் தெருவிலேயே இருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது சரியில்லை என்றே கண்டுபிடிக்க முடியாது, கதை படுத்துவிட்டது என்று மட்டும்தான் தெரியும்.

ஒரு விஷயம் இடையில். "இலக்கியம் எழுதுறவங்க இதெல்லாம் எழுதலாமா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். புதுமைப்பித்தன் நடைமுறை வாழ்க்கைக் கதையும் எழுதினார், பேய்க் கதையும் எழுதினார், புராணத்தைத் திருப்பிப் போட்டும் எழுதினார், மொழிபெயர்க்கவும் செய்தார். 1948இல் திருவனந்தபுரத்தில் அவர் இறந்தபோது வயது 42தான். அவருக்கே கூச்சமில்லை, நமக்கென்ன.

பென்சிலோடு படிப்பது

எழுதப் போகிற வகையில் குறைந்தது பத்துப் புத்தகமாவது படியுங்கள், அதில் பாதி தமிழில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பை மட்டும் படித்துவிட்டு எழுதினால் உங்கள் ஆட்களும் மொழிபெயர்ப்பு மாதிரியே பேசுவார்கள். முதல் தடவை சும்மா படியுங்கள், பொழுதுபோக்காக. அப்புறம் பிடித்த இரண்டை மட்டும் எடுத்து பென்சிலோடு உட்காருங்கள்.

நான் கடையில் தீர்ந்துபோன பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். குற்றம் எந்தப் பக்கத்தில் தெரிய வருகிறது, சந்தேகப்பட எத்தனை பேர், குற்றவாளி முதலில் எந்தப் பக்கத்தில் வாயைத் திறக்கிறார், கடைசியில் சொல்லும் காரணத்துக்கான துப்பு முன்னால் எங்கே கிடந்தது, அது எப்படி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. இதை இரண்டு புத்தகத்துக்குச் செய்தாலே போதும், ஒரு விஷயம் பிடிபடும்: நல்ல துப்பறியும் கதையில் துப்பு ஒளிந்துகொண்டு இருக்காது, எல்லோருக்கும் முன்னால் வேறு வேலை செய்துகொண்டு நிற்கும்.

ஒவ்வொரு வகையும் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. துப்பறியும் கதை, கடைசியில் விடை சொல்வேன் என்கிறது. பேய்க் கதை பயமுறுத்துவேன் என்கிறது, விடை சொல்ல வேண்டிய கடமை அதற்கு இல்லை. சரித்திரக் கதை, நீ பார்க்க முடியாத இடத்துக்குக் கூட்டிப்போவேன் என்கிறது. என்னை மாதிரித் தோட்டக் கதை எழுதிப் பழகினவர்களுக்குக் கதையை அந்தரத்தில் விட்டு முடிக்கிற பழக்கம் இருக்கும், மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று. துப்பறியும் கதையை அப்படி முடித்தால் வாசகர் புத்தகத்தைத் தூக்கி எறிவார், எறியவும் வேண்டும்.

முதல் கதை சின்னதாக

நாவலில் ஆரம்பிக்காதீர்கள். 1,500 வார்த்தையில் ஒரு கதை, அந்த வகையின் எல்லா உறுப்பும் இருக்கிற மாதிரி. துப்பறியும் கதையென்றால் ஒரு குற்றம், மூன்று பேர், ஒரு துப்பு, ஒரு விடை. முதலில் விடையை எழுதிவிட்டுப் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள், இது எனக்கு ரொம்ப உதவியது. மூன்று சின்னக் கதை எழுதியும் உங்களுக்கே சுவாரஸ்யம் வரவில்லையென்றால் அந்த வகை உங்களுக்கு வேண்டாம். காதல் நகைச்சுவையில் எனக்கு அப்படித்தான் ஆனது. மூன்றிலும் கடைசியில் யாராவது அழுதார்கள்.

வெள்ளம் வந்த கதை

இனி துப்பறியும் கதைக்கு நான் பட்ட பாடு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கற்றுக்கொண்டது இங்கேதான் அதிகம்.

கதை நடப்பது 2019 ஆகஸ்ட். அந்த மாதம் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது, எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். 50 கிலோ மூட்டை ஒன்று மூன்றரை லட்சம். அப்படியென்றால் ஸ்டோரிலிருந்து நாலு மூட்டை காணாமல் போனால் அது கொலைக்கே சமம், காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பொருள், ஒரு வருஷம் இருக்கும், தேடிப் பாருங்கள்.

ஸ்டோர் என்றால் காயை உலர்த்துகிற இடம், அடுப்பும் குழாயும் தட்டுகளுமாக இருக்கும். அஞ்சு கிலோ பச்சைக்காய் போட்டால் ஒரு கிலோ காய்ந்த காய் வரும், ஏறக்குறைய. சூடு 45 முதல் 50 டிகிரிக்குள் நிற்க வேண்டும், அதனால் ராத்திரி முழுக்க ஒரு ஆள் முழித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்க வேண்டும். கவனம் தப்பி சூடு ஏறினால் பச்சை நிறம் போய்விடும். இதைவிட நல்ல துப்பு எனக்கு எங்கே கிடைக்கும்? திருட்டு நடந்த ராத்திரி காய்ந்த காய் மட்டும் நிறம் மங்கிக் கிடக்கிறது. காவலாளி ராத்திரி முழுக்க அடுப்படியிலேயே இருந்தேன் என்கிறார். காய் வேறு சொல்கிறது.

இரண்டாவது துப்பு பேச்சில். விசாரிக்க வருபவர் இன்சூரன்ஸ் கம்பெனி ஆள், சென்னைக்காரர். காவலாளி மலையாளி. துருவிக் கேட்டதும், "ராத்திரி வெள்ளம் வந்நு, அதான் கொஞ்ச நேரம் வெளியே போனேன்" என்கிறார். 2019 ஆகஸ்ட், கேரளம் முழுக்க மழை, டிவியில் வெள்ளச் செய்தி. சென்னைக்காரர் பாவம், வெள்ளப்பெருக்கு என்று எழுதிக்கொள்கிறார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் வந்தது, தொட்டி நிரப்பப் போனார், அந்த நேரத்தில் கதவு திறந்து கிடந்தது. எத்தனை மணிக்குக் குழாயில் தண்ணீர் விட்டார்கள் என்று விசாரித்தால் திருட்டு நடந்த நேரம் கிடைத்துவிடும்.

ரொம்பப் பெருமையாக இருந்தது. எங்கள் ஜீப் ஓட்டுகிற அண்ணன் மாத நாவல் ஒன்று விடாமல் படிப்பவர், அவரிடம் கொடுத்தேன். மறுநாள் காலையில் லோயர் கேம்ப்பில் அந்தப் பெரிய மின்நிலையக் குழாய்கள் தாண்டுவதற்குள் சொல்லிவிட்டார்: "ஏம்மா, வெள்ளம்னு சொன்னதுமே தெரிஞ்சு போச்சே. அந்த சென்னைக்காரன் இவ்வளவு மக்கா?" எங்கள் எல்லையில் ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயத்தை நான் ரகசியமாக வைத்திருக்கிறேன்! சரி, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தோழிக்கு அனுப்பினேன். அவளுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. விடை வந்த பிறகும், "இதை நான் எப்படிக் கண்டுபிடிக்க முடியும், எனக்கு மலையாளம் தெரியாதே, இது அழுகுணி ஆட்டம்" என்றாள்.

இரண்டு பேர் சொன்னதும் சரி. தீர்வு என்ன தெரியுமா, நாலாம் பக்கத்தில் ஒரு சின்ன சம்பவம் சேர்த்தேன். டீக்கடையில் ஒரு குழந்தை "அம்மே, வெள்ளம்" என்று கேட்கிறது, அம்மா டம்ளரை நீட்டுகிறாள். சென்னைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருக்கிறார், கவனிக்கவில்லை. தஞ்சாவூர் வாசகருக்குத் துப்பு கிடைத்துவிட்டது, எங்கள் ஊர் வாசகருக்கோ இந்த ஆள் எப்போது விழித்துக்கொள்வான் என்று பார்க்கிற சுகம். ஒரே சம்பவம், இரண்டு விதமான வாசகர். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

போலீஸ், சட்டம் வருகிற இடங்களில் சினிமாவை நம்பாதீர்கள். கம்பத்தில் ஓய்வு பெற்ற ஒரு ஸ்டேஷன் ரைட்டர் இருக்கிறார் (ஸ்டேஷனில் எழுதுகிறவருக்கும் ரைட்டர் என்றுதான் பெயர், நம்மைவிட அதிகமாக எழுதியிருப்பார்). அவர் ஒரு டீக்கு என் பிரதியில் பதினொரு தப்பு காட்டினார். ஒன்று, குற்றப் பிரிவு எண்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடக்கிற கதையில் கொலைக்கு 302 என்று எழுதினால் தப்பு, 103 என்று வர வேண்டும். திருட்டுக்கு 379 போய் 303 வந்திருக்கிறது. என் கதை 2019இல் நடப்பதால் பழைய எண்ணே சரி, தப்பித்தேன். இன்னொன்று, ராத்திரியோடு ராத்திரியாக போஸ்ட்மார்ட்டம் முடிந்தது என்று எழுதியிருந்தேன். வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் ராத்திரியிலும் செய்யலாம் என்று மத்திய அரசு 2021 நவம்பரில் அனுமதித்ததே தவிர, கொலை, தற்கொலை மாதிரி சந்தேகமுள்ள சாவுகளுக்குப் பொதுவாக அது பொருந்தாது. 2019இல் அந்த அனுமதியும் கிடையாது. அந்தப் பிணத்தையே கதையிலிருந்து தூக்கிவிட்டேன். கதை நன்றாகத்தான் ஆனது.

எல்லையில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி, குற்றம் ஒரு மாநிலத்தில், ஆள் இன்னொரு மாநிலத்தில். குமுளியில் ரோட்டைக் கடந்தால் போலீஸ் தொப்பி மாறுகிறது, கோர்ட்டின் மொழி மாறுகிறது. இதைப் பயன்படுத்தாமல் மும்பைக்குப் போனேனே என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சக்கரமும் ரூபாயும்

சரித்திரக் கதை எழுதுகிறவர்கள் ராஜாவிடமிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. தோள்பட்டை, வாள், குதிரை எல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது 1887 முதல் 1895 வரை, பெரியாறு அணை கட்டிய வருஷங்கள், கூலிக்குப் போன ஒரு கூடலூர்ப் பெண்.

படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அணை கட்டிய இஞ்சினியர்களில் ஒருவரான மெக்கன்சி 1899இல் பெரியாறு திட்டத்தின் வரலாற்றை எழுதியிருக்கிறார், ஸ்கேன் செய்த பிரதி இணையத்தில் கிடைக்கும். சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்த்த சுர்க்கிச் சாந்து, காட்டுக் காய்ச்சல், ஆற்று வெள்ளம் கட்டினதை அடித்துக்கொண்டு போனது எல்லாம் அதில் உண்டு. மலைக்கு அந்தப் பக்கத்துக்கு நாகம் ஐயா 1906இல் தொகுத்த திருவிதாங்கூர் மேனுவல், மூன்று பாகம். இரண்டும் இங்கிலீஷ்தான், மெதுவாகப் படிக்கலாம். பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரிகைக்கு தமிழ் மின்னூலகம் இருக்கிறது, சென்னை பக்கம் போனால் ரோஜா முத்தையா நூலகம். ஆனால் எல்லாம் படித்து முடித்துவிட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தால் எழுதவே மாட்டீர்கள். நான் ஒரு காட்சி எழுதுவேன், சந்தேகம் வருகிற இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுத் தாண்டிப் போவேன், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பெருக்கல் குறிகளை மட்டும் தேடுவேன்.

அப்படிப் போட்ட ஒரு குறிதான் கதையையே மாற்றியது. என் பெண் மலையேறிப் போய் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் உப்பு வாங்குகிறாள், ஒரு அணா கொடுக்கிறாள் என்று எழுதியிருந்தேன். பெருக்கல் குறி. தேடிப் பார்த்தால் அப்போது திருவிதாங்கூர் தனி சமஸ்தானம், அங்கே தனி நாணயம்: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், அதாவது 28 சக்கரம். கம்பத்தில் புழங்கிய பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும். அந்த அரைச் சக்கரம்! நாணயம் மாற்றுகிற ஆள் அந்த 8 காசைத் தர மாட்டான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, பதினைந்து வருஷமாகக் கணக்கு எழுதுகிறேனே. கதையின் சண்டை முழுக்க அந்த 8 காசிலிருந்து வந்தது. ஒவ்வொரு வாரமும், ஒவ்வொரு கூலியிடமும், 8 காசு.

வருஷக் கணக்கும் அப்படித்தான். மலைக்கு இந்தப் பக்கத்து சர்க்கார் ஆபீஸ் காகிதத்தில் 1895 என்றிருந்தால் அந்தப் பக்கத்துக் காகிதத்தில் கொல்லம் ஆண்டு 1070 அல்லது 1071, ஆவணியில் வருஷம் மாறும். இதையெல்லாம் பாத்திரங்கள் வாயால் விளக்கம் சொல்ல வைக்காதீர்கள். அந்தக் காலத்து ஆளுக்கு அது சாதாரணம், சாதாரணத்தை யாரும் விளக்க மாட்டார்கள். நாணயக்காரன் ஓலைப்பெட்டியைத் திறந்து எண்ணுகிறான், அவள் கையை நீட்டிக்கொண்டே நிற்கிறாள், அவன் பெட்டியை மூடுகிறான். அவ்வளவு போதும்.

பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். கூலிகள் காலையில் டீ குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்கள் என்று எழுதி, அச்சுக்குப் போகிற வரைக்கும் கவனிக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு டீ இல்லாத காலை நினைப்பிலேயே வராது. நம் ஆட்கள் பரவலாக டீ குடிக்கப் பழகியது அடுத்த நூற்றாண்டில், கம்பெனிக்காரர்கள் ஊர் ஊராகப் போட்டுக் கொடுத்துப் பழக்கிய பிறகு. கடைசி நிமிஷத்தில் அதை நீராகாரமாக மாற்றினேன். நமக்கு ரொம்பப் பழக்கமான பொருளில்தான் காலப்பிழை ஒளிந்திருக்கும். அதனால் தேடும்போது தெரியாததை மட்டும் தேடாதீர்கள், டீ, தீப்பெட்டி, செருப்பு, சட்டைப் பொத்தான் என்று தெரிந்ததையும் ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள்.

அறிவியல் கதை, பிள்ளைகள் கதை

இது இரண்டிலும் நான் இன்னும் கற்றுக்குட்டிதான், சுருக்கமாகச் சொல்கிறேன். அறிவியல் கதையில் ஒரே ஒரு பொய்தான் அனுமதி. ஏலக்காய் பறிக்கிற இயந்திரம் ஒன்று வந்துவிட்டது என்று ஒரு பொய் சொன்னேன், மற்றதெல்லாம் இன்றைய குமுளிதான். காய் பறிக்கத் தோதான கரிங்காய் பதத்துக்கு வந்துவிட்டதா என்று விரலால் தொட்டே சொல்கிற கிழவியிடம் அந்த இயந்திரத்துக்குப் பாடம் எடுக்கச் சொல்கிறார்கள். முதல் பிரதியில் இயந்திரம் எப்படி இயங்குகிறது என்று இரண்டு பக்கம் இருந்தது. வெட்டிவிட்டேன். இயந்திரம் அவளிடம் என்ன கேட்டது என்பதுதான் கதை.

பிள்ளைகள் கதைக்கு ஒரே சோதனை, சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எந்த வரியில் பிள்ளை கையை எடுத்து வேறு எதையோ நோண்ட ஆரம்பிக்கிறதோ, அந்த வரிக்கு முந்தின வரியில் தப்பு இருக்கிறது. அறிவுரை வருகிற இடத்தில் எல்லாப் பிள்ளையும் நோண்டுகிறது.

இரண்டு மொழிப் பேச்சை எழுதுவது

எந்த வகையில் எழுதினாலும் எல்லைக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை வரும். மலையாளம் பேசுகிறவரை எப்படி எழுதுவது? முழுக்க மலையாளத்தில் எழுதினால் விழுப்புரத்தில் யாரும் படிக்க முடியாது. முழுக்கத் தமிழில் எழுதினால் குமுளியில் சிரிப்பார்கள். நான் செய்வது, ஆள் முதலில் பேசுகிற வரியை மட்டும் முழு மலையாளத்தில் விடுவேன், "எந்தா சேச்சி, இன்னு வைகிப்போயோ?" என்கிற மாதிரி, கேட்கிறவள் "ஆமா, ஜீப்பு லேட்டு" என்று பதில் சொல்வதிலேயே அர்த்தம் விளங்கிவிடும். அடைப்புக்குறியில் பொருள் போடுகிற வேலை வேண்டாம். அதற்கப்புறம் அவர் பேச்சு தமிழில் போகலாம், ஒரு சொல், ஒரு இழுப்பு மட்டும் அந்தப் பக்கத்தது.

நகைச்சுவை எழுத விருப்பம் உள்ளவர்களுக்கு இது தங்கச் சுரங்கம். தேனி மாவட்டம் முழுக்கப் பட்டி என்று முடிகிற ஊர்கள், ஆண்டிபட்டி, காமயகவுண்டன்பட்டி என்று. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். சம்சாரம் என்றால் இங்கே பெண்டாட்டி, அங்கே பேச்சு. "எனிக்கு நிங்களோடு சம்சாரிக்கணும்" என்று ஒருத்தர் சொன்னதைக் கேட்டு எங்கள் சித்தப்பா ஒருத்தர் பட்ட பாட்டைத் தனிக் கதையாகவே எழுத வேண்டும்.

படிக்கக் கொடுப்பது

மூன்று பேர் போதும். ஒருவர் அந்த வகையை மட்டுமே படிப்பவராக இருக்க வேண்டும், இலக்கியம் கிலக்கியம் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. என் ஜீப் அண்ணன் மாதிரி. இன்னொருவர் கதை நடக்கிற தொழிலோ ஊரோ தெரிந்தவர். மூன்றாமவர் உங்கள் ஊரைப் பார்க்காதவர். கூட எழுதுகிற நண்பர்களிடம் கடைசியில் கொடுங்கள், அவர்கள் வாக்கியத்தைத் திருத்துவார்கள், கதையைச் சொல்ல மாட்டார்கள். "நல்லா இருக்கா" என்று கேட்காதீர்கள். எங்கே நிறுத்தினீர்கள், யார் மேல் சந்தேகம் வந்தது, எந்தப் பக்கத்தில் என்று கேளுங்கள்.

அச்சுக்குப் போகும்போது

புது வகையில் எழுதியதைப் பழைய பதிப்பாளரிடமே கொடுக்க வேண்டும் என்றில்லை. அவர் தோட்டக் கதை விற்கத் தெரிந்தவராக இருப்பார், துப்பறியும் கதையை எந்த மேசையில் வைப்பது என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்த வகையில் நீங்கள் படித்த பத்துப் புத்தகத்தின் பின்னட்டையைப் பாருங்கள், அங்கே முகவரி இருக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் வரும், எல்லோரும் அதற்குத்தான் ஓடுவார்கள், அதனால் ஆகஸ்ட், செப்டம்பருக்குள் பிரதி போய்ச் சேருவது நல்லது. டிசம்பரில் அனுப்பினால் யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஒப்பந்தம் பற்றிக் கொஞ்சம். என் இரண்டாவது தொகுப்புக்கு ஒரு பதிப்பாளர் ஒற்றைத் தாள் நீட்டினார், அனைத்து உரிமைகளும் என்று ஒரு வரி, காலம் எதுவும் இல்லை, சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் கோட்டயத்திலிருந்து ஒருவர் மலையாளத்தில் மொழிபெயர்க்கக் கேட்டபோது எனக்குச் சம்மதம் சொல்லவே வழியில்லை. பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. எவ்வளவு காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்வார்கள். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாத வரைக்கும், அது திரும்பி வந்துவிடும். அதனால் அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எல்லை ஊர்க்காரர்கள் மலையாளத்தை யாருக்கும் சும்மா தூக்கிக் கொடுக்காதீர்கள், பக்கத்து வீட்டிலேயே வாசகர் இருக்கிறார்.

சொந்தமாகப் போடுகிறவர்கள், ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணுக்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள மத்திய அரசின் அமைப்பு இணையத்தில் விண்ணப்பித்தால் இலவசமாகத் தருகிறது. கிண்டிலில் ராயல்டி 35, 70 என்று இரண்டு விகிதம். இந்தியாவில் விற்கிற பிரதிக்கு 70 வேண்டுமென்றால் மின்னூலை வேறெங்கும் போட மாட்டேன் என்கிற திட்டத்தில் சேர வேண்டும், அதைப் படித்துவிட்டுச் சேருங்கள்.

பக்கம் அமைப்பவர் பழைய எழுத்துருவில் வேலை செய்பவராக இருந்தால், யூனிகோடிலிருந்து மாற்றும்போது கொம்புகள் இடம் மாறும். ஔகாரக் குறி ஒற்றைக் கொம்பும் ளகரமுமாக உடைந்து போகும், கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் தப்பிவிடும். என் குறுநாவலில் ஒரு பெயர் கௌசல்யா. மூன்று இடத்தில் கௌசல்யா, நாற்பது இடத்தில் கெளசல்யா. ஒரு வாசகர் இரண்டு பேரும் வேறு வேறு ஆள் என்று நினைத்து, இரண்டாமவள்தான் திருடி என்று முடிவு செய்து எனக்கு எழுதினார். அவர் தேடிய துப்பு எனக்கே தெரியாது.

பெயர் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். சுஜாதா என்பதே ரங்கராஜன் எடுத்துக்கொண்ட மனைவியின் பெயர்தானே, தப்பில்லை. ஆனால் பிள்ளைகளுக்கும் எழுதி, ரத்தம் தெறிக்கிற கதையும் எழுதுகிறவர்கள் மட்டும் இரண்டு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஒரே பெயரில் எழுதலாம், பழைய வாசகரில் பாதிப் பேராவது கூடவே வருவார்கள். மீதிப் பாதி கோபித்துக்கொள்வார்கள். "தோட்டத்து ஜனங்களை விட்டுட்டீங்களே" என்று ஒரு பெரியவர் போனில் வருத்தப்பட்டார். கணக்குப் பார்த்தால் துப்பறியும் கதையிலும் அதே ஜனங்கள்தான் இருக்கிறார்கள், இந்தத் தடவை அவர்கள் பொய் சொல்கிறார்கள், அதுதான் வித்தியாசம். அவரிடம் சொன்னேன், ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "காவலாளியா எடுத்தான்?" என்று கேட்டார். எழுபதாம் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் கோபித்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது பேய்க் கதை ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசி ஜீப்பில் இறங்குகிற பத்துப் பெண்கள், மலைப்பாதையில் எண்ணினால் பதினொன்று. ஆறு பக்கம் ஆகிவிட்டது. ஜீப் அண்ணன் அதைப் படிக்க மாட்டேன் என்கிறார், தினமும் அந்த வளைவில் வண்டி ஓட்டுகிறவன் நான்தானே என்கிறார்.